ஒரே கூரையின் கீழ் வீடும் தொழுவமும் களஞ்சியமும்

ஜெர்மனி தேசத்தின் தென்மேற்கு மூலையில் கறுப்புக் காடு என்று பெயர் பெற்ற மலைநாடு ஒன்று உண்டு. அங்கே குட்டாக் என்னும் பள்ளத்தாக்கில், 1612-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற குடியானவர் வீடொன்று, எழுப்பிய இடத்திலேயே இன்றும் நிற்கின்றது. அதன் பெயர் போக்ட்ஸ்பவர்ன்ஹோப். போக்ட் என்பது தமிழ் நாட்டு மணியகாரரை ஏறக்குறைய ஒத்த உத்தியோகம். அதனை வகித்த குடியானவரது பண்ணை என்பதே இப்பெயரின் பொருளாம்.

தூரத்தினின்று நோக்குவோர் கண்ணுக்கு முதலிற்படுவது கூரையே. நாற்புறமும் சரிந்து, சுவர்களைப் பெரும்பாலும் மறைத்து, கவிழ்த்த படகு போன்று அது தோன்றும். மனிதர் வசிக்கும் அறைகள், மாட்டுத் தொழுவம், புல் வைக்கும் பரண், கதிரடிக்கும் களம் ஆகிய யாவும் அவ்வொரு கூரைக்குள் அடங்கியுள்ளன. இவ்வேற்பாட்டிற்குக் காரணம் அந்நாட்டுக் குளிர்காலமே. மாதக்கணக்காக வெண்பனி மூடிக் கிடக்கும் நிலத்தில், மேய்ச்சலுக்கு மாடுகளை அவிழ்த்து விடுதல் இயலாது. அக்காலம் முழுமைக்கும் வேண்டிய தீனியைக் கோடையிலேயே சேர்த்து உள்ளே வைத்தல் அவசியம். வெளியே காலெடுத்து வைக்காமலே தீனியிடவும் பால் கறக்கவும் கூடுமாயின் குடியானவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இடத்தின் சரிவையும் தச்சர்கள் நன்கு பயன்படுத்திக் கொண்டனர். வசிக்கும் பாகம் பள்ளத்தாக்கை நோக்கியுள்ளது. தொழுவம் அதன் பின்னே மலைப்பக்கமாக அமைந்துள்ளது. மலைச் சரிவினின்று ஒரு பாலத்தின் வழியே பார வண்டி நேராகப் பரணுக்குள்ளேயே வந்துவிடும். புற்சுமையைக் கீழிருந்து மேலேற்றும் வேலை இல்லை. மேலிருந்து கீழே தள்ளும் வேலையே உண்டு. தலைக்கு மேல் நிறைந்து கிடக்கும் புல், குளிர் இறங்காவண்ணம் அறைகளுக்குக் கம்பளம் போர்த்தியது போலாயிற்று. தொழுவத்தின் வெப்பமும் வீட்டிற்கு ஒருவாறு உதவியது.

சுவர்கள் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவையல்ல. கனத்த கால்மரங்களை நாட்டி, அவற்றிற் காடி வெட்டி, தடித்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருக்கின்றனர். மூட்டுகள் பெரும்பாலும் இரும்பாணியின்றி மரமுளைகளாலேயே இறுக்கப்பட்டவை. இவ்வகை வீடுகளில் அறையின் மேல்தளத்துப் பலகைகளின் நடுவில், ஒருமுனை அகன்று மறுமுனை குறுகிய ஆப்புப் பலகை ஒன்று உண்டு. அதன் அகன்ற முனை சுவருக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் உலர்ந்து சுருங்கி இடைவெளி காணுமிடத்து, வெளியிலிருந்து சம்மட்டியால் அதனைத் தட்டினால் தளம் மீண்டும் இறுகிவிடும். மராமத்துச் செய்யும் வழியைக் கட்டும்போதே கட்டிடத்துள் வைத்துவிட்ட அத்தச்சரின் யோசனை மெச்சத்தக்கது.

அடுப்பங்கரைக்குப் புகைபோக்கி கிடையாது. அடுப்பின்மேல் பின்னிய குச்சிகளில் களிமண் பூசிய கவிகை ஒன்று உண்டு. தீப்பொறிகள் அதில் தடைப்படும். புகையோ கவிகைக்குக் கீழே தொங்கும் பன்றியிறைச்சியைப் பதப்படுத்தி, பின்பு கூரையெங்கும் பரவி மெல்ல வெளியேறும். அப்புகை கூரை மரங்களைக் கறுப்பாக்கி, பூச்சியும் பூஞ்சணமும் அணுகாமற் காத்தது. ஆனால் மரத்திற்கு நன்மை செய்த புகை மனிதருக்கு நன்மை செய்ததென்று கூறலாகாது. நாள் முழுதும் அடுப்பங்கரையில் நின்ற பெண்களின் கண்ணும் மார்பும் அதற்கு விலை கொடுத்தன. வசிக்கும் அறையிலிருந்த கணப்பிற்கு மட்டும் அடுப்பங்கரைப் பக்கமிருந்தே விறகிட்டனர். ஆதலால் அவ்வறை புகையின்றி இருந்தது.

இவ்வமைப்பின் பெருங்குறை நெருப்பே. காய்ந்த புல், மரச்சுவர், திறந்த அடுப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்க, ஒரு பொறி தப்பினால் வீடும் மாடும் தீனியும் ஒரே இரவில் போய்விடும். அதனை உணர்ந்த குடியானவர்கள் வீட்டிற்குச் சற்றுத் தொலைவில் தனியே ஒரு சிறு களஞ்சியம் கட்டினர். தானியம், பத்திரங்கள், நல்ல துணிகள் முதலியன அங்கே வைக்கப்பட்டன. வீடு எரிந்தாலும் மறுபோகத்திற்கு வேண்டிய விதை எஞ்சியிருக்குமன்றோ! ரொட்டி சுடும் அடுப்பையும் தனிக் குடிலிலே அமைத்தல் வழக்கமாயிற்று.

தனிக்குடும்பத்தின் முன்யோசனைக்கும் ஓர் எல்லையுண்டு. எரிந்த வீட்டைக் களஞ்சியத்து விதையால் மீண்டும் எழுப்ப இயலாது. குட்டாக் அப்பொழுது உர்ட்டெம்பர்க் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1810-இலேயே பாடன் சமஸ்தானத்திற்கு மாறியது. உர்ட்டெம்பர்க்கில் 1773-ஆம் ஆண்டு கட்டிடங்களுக்குத் தீ இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் ஏற்பட்டது. உடைமையாளர் பலரும் செலுத்தும் தொகையினின்று, தீயால் நஷ்டமடைந்தவருக்கு ஈடு அளிப்பதே அதன் முறை. சென்னை மாகாணத்தில் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் 1895-இல் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாகக் கூட்டுறவாளர் அறிந்த ரைபைசன், ஜெர்மனியின் ரைன் பிரதேசத்தில் ஹெட்டெஸ்டார்ப் என்னுமிடத்தில் தம் கடன் சங்கத்தை 1864-இல் ஏற்படுத்தினார். ஒருவன் நஷ்டத்தைப் பலர் பங்கிடும் ஏற்பாடு அந்நாட்டில் அதற்கு 90 ஆண்டுகள் முன்னரே இருந்தது குறிப்பிடத்தக்கது.

இத்துணைப் பெரிய வீடு சிதையாமல் நின்றதற்குப் பாகப்பிரிவினை முறையும் ஒரு காரணம். கறுப்புக் காட்டின் இப்பகுதியில் பண்ணை துண்டாடப்படுவதில்லை. முற்காலத்தில் பெரும்பாலும் கடைசி மகனே முழுதும் பெற்று வந்தான். முதியோர் பக்கத்திலே ஒரு சிறு வீட்டில் ஒதுங்கி வாழ்வர். அவர்களுக்குரிய உணவும் விறகும் உடன்படிக்கையால் நிச்சயிக்கப்படும். மூத்த மக்களுக்குக் கிடைத்த பங்கு சிறிது. அவர்களிற் பலர் கூலியாட்களாயினர், சிலர் கைத்தொழிலை நாடினர். நிலம் பிழைத்தது, ஆயின் அதற்குரிய தியாகம் எல்லார்மீதும் சமமாக விழவில்லை.

புகைபோக்கி வைத்த வீடுகளில் வசிப்போருக்குச் சுகம் மிகுந்தது. ஆனால் புகையின் காவலை இழந்த கூரைமரங்களுக்கு அதிகக் கவனம் தேவைப்பட்டது. அறுவடை யந்திரங்களுக்கு இடம் போதாமையால் பல பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபடும் நிலையிலிருந்த போக்ட்ஸ்பவர்ன்ஹோப், கட்டிடக்கலை ஆராய்ச்சியாளரான ஹெர்மன் ஷில்லி என்பாரின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, 1964-இல் திறந்தவெளிப் பொருட்காட்சிச் சாலையாயிற்று. அதன்பின் வேறு ஊர்களிலிருந்த பழைய வீடுகளும் மரம் மரமாகக் கழற்றப்பட்டு அங்கே கொணர்ந்து மீண்டும் பூட்டப்பட்டன. 1599-இல் எழுந்த ஹிப்பன்ஸெப்பன்ஹோப் அவற்றுள் ஒன்று. முளையால் மூட்டிய வீடாதலின் அவ்வாறு கழற்றிப் பூட்டுதல் இயன்றது.