உண்ணிக்காய்ச்சலும் மாட்டினங்களின் இரத்த நிலையும்

பாலாற்றங்கரையை அடுத்த வாலாஜாபாத் வட்டாரத்தில் ஜெர்ஸிக் கலப்புப் பசுவும் நாட்டுப் பசுவும் ஒரே கொட்டிலில் கட்டப்படுவதுண்டு. இரண்டின்மீதும் ஒரே வகை உண்ணிதான் ஏறுகிறது. ஆயினும் கலப்புப் பசு காய்ச்சலில் வீழ்ந்துவிட, நாட்டுப் பசு அசைபோட்டுக்கொண்டு நிற்கக் காணலாம். இதனைக் கண்ணேறு என்பார் இன்றும் உளர். காரணம் இரத்தத்தில் இருக்கிறது.

தைலேரியா என்னும் நுண்ணுயிர் ஹையலோமா வகை உண்ணியின் உமிழ்நீர் வழியே உட்புகுகின்றது. முதலில் அது இரத்தத்தின் வெள்ளணுக்களிற் குடியேறி, அவற்றையே ஓயாமற் பெருகச் செய்கிறது. தோளுக்கு முன்புறம் நெறி கட்டுவது இதனாலேயே. பின்னரே செவ்வணுக்களுட் புகுகிறது. அவை அழியவே சோகை காண்கிறது. நலமுள்ள மாட்டின் இரத்தத்தில் செவ்வணுக்கள் நூற்றுக்கு 24 முதல் 46 பங்கு வரை இருக்கும். நோயில் இவ்வளவு வெகுவாய்த் தாழும்.

எடின்பரோ ஆராய்ச்சியாளர் 2005-ல் வெளியிட்ட சோதனை இங்குக் கவனிக்கத்தக்கது. நம் நாட்டு ஸாஹிவால் இனக் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் இக்கிருமி செலுத்தப்பட்டது. ஹோல்ஸ்டீனுக்கு உயிர்க்கேடான அளவை ஸாஹிவால் கன்றுகள் தாங்கிப் பிழைத்தன. அவற்றிற்குக் காய்ச்சலும் குறைவு. அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதங்கள் சுரந்த விதமும் இரண்டினங்களிலும் பெரிதும் வேறுபட்டது. ஆகவே மாட்டைக் கொல்வது கிருமி மாத்திரமன்று, அதனை எதிர்க்கப் புகுந்த உடலின் அடங்காக் கொதிப்பும் சேர்ந்தே கொல்கிறது எனக் கொள்ள இடமுண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் என்டாமா இனமும், செட்ஸி ஈ பரப்பும் டிரிபனோஸோமா இரத்தக் கிருமியைப் பெற்றும், செவ்வணுக்களை அதிகம் இழவாது நிற்பது பிரசித்தம்.

இதனால் நாட்டு மாட்டிற்கு நோயே அணுகாதென எண்ணலாகாது. நோய் தெளிந்தபின்னும் அதன் இரத்தத்திற் கிருமி தங்கியிருக்கும். அம்மாட்டைக் கடித்த உண்ணிக்குஞ்சு வளர்ந்து பக்கத்திலுள்ள கலப்புப் பசுவைக் கடித்தால், குடும்பத்திற்குப் பால்வரும்படி தரும் அப்பசு சில நாட்களில் மாளக்கூடும். எனவே உண்ணி ஒழிப்பு, கொட்டிலிலுள்ள எல்லா மாடுகளுக்கும் ஒருங்கே நடைபெற வேண்டும். இவ்வுண்ணி சுவர் வெடிப்புகளில் ஒளியுமாதலால் அவற்றைப் பூசி அடைத்தல் அவசியம். மாட்டின்மீது மட்டும் மருந்து தெளிப்பது அரை வேலை.

கலப்புப் பசுவிற்குக் காய்ச்சல் 104 டிகிரிக்கு மேற்சென்று, நெறியும் கட்டினால், வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்புக. காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசிப் பார்த்தாற் கிருமி புலப்படும். புபர்வக்குவோன் ஊசிமருந்து தொடக்கத்தில் நற்பலன் தரும். கண்ணிமையின் உட்புறம் வெளுத்தபின் போட்டால் அப்பலன் குறையும்.