யாத்திரிகரின் பாதங்கள்

மகாராஷ்டிரத்தில் ஆஷாட மாதம் மழைக்காலம். அந்த மழையில்தான் வார்க்கரி அன்பர்கள் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளையும், தேஹுவிலிருந்து துக்காராமரின் பாதுகைகளையும் பல்லக்கில் எழுந்தருளச் செய்து பண்டரிபுரம் நோக்கி நடக்கின்றனர். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மூன்று வாரப் பயணம். பலர் செருப்பணிவதில்லை. பாதுகைகளைச் சுமப்பவர் தம் பாதங்களை மறப்பது வியப்பன்று.

கடைசி இரு கால்விரல்களின் இடுக்கில் முதலில் நமைச்சல் தோன்றும். பின்னர் தோல் வெளுத்து ஊறி, வெடித்து எரியும். நாம் சேற்றுப்புண் என்பதைச் சுச்ருத சம்ஹிதை 'அலஸம்' எனப் பெயரிட்டு, சிறுநோய்களின் வரிசையில் வைக்கிறது. கெட்ட சேற்றின் தீண்டலால் வருவது என்கிறது. தர்க்க நூலார் மொழியில் கூறினால், சேறு ஸஹகாரி காரணமே, அதாவது துணைக்காரணமே. தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டினை உண்டு வாழும் பூஞ்சையே முதன்மைக் காரணம். அதற்கு வேண்டியது ஈரம். அதனால்தான் சேற்றையே மிதிக்காமல், நாள் முழுதும் காலுறை அணியும் நகரவாசிக்கும் இந்நோய் வருகிறது.

பாதங்களைப் புளித்த கஞ்சியால் நனைத்து, வேம்பு, எள், இந்துப்பு முதலியவற்றை அரைத்துப் பூசுமாறு சுச்ருதர் விதிக்கிறார். அதே கலவையில் அரிதாரமும் உண்டு. அது ஆர்சனிக் சேர்ந்த நஞ்சு. நூலில் உள்ளதெல்லாம் வீட்டில் செய்து பார்க்கத்தக்கதன்று.

நம் இல்லங்களில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்தோ, மருதாணி இலையை அரைத்தோ பூசுவர். இவை பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டுள்ளது. ஆயினும் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, நடக்கும் பாதம் வேறு. தொடக்க நிலையில், வெடிப்பு இல்லாதபோது பூசலாம்; காய்ந்ததும் கழுவி, இடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். ஈர விழுதைத் துணியால் கட்டிக்கொண்டு உறங்குவது பூஞ்சைக்கு விருந்திடுவதாகும். உண்மையில் பாதிப் பயன் மருந்தால் அன்று, உலர்த்துவதாலேயே விளைகிறது என்பது என் கருத்து.

இரண்டு வாரத்தில் குணமாகாவிடில் மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பே தக்கது. நமைச்சல் நின்றதும் அதை நிறுத்தினால் நோய் மீளும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு நமைச்சலை உடனே அடக்கும். உள்ளே பூஞ்சை பரவும்.

நீரிழிவு உள்ள அன்பர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; வலியே தோன்றாமல் வெடிப்பின் வழியே கிருமி புகுந்து, காலையே இழக்க நேரிடலாம். வீட்டு வைத்தியம் உங்களுக்கு வேண்டாம். வெறுங்காலுடன் நடக்கும் விரதமும் வேண்டாம். செருப்பணிந்து நடப்பதால் விட்டலனின் அருள் குறையுமென எந்த ஞானியும் கூறவில்லை.

யாத்திரிகரின் பாதங்களைக் கழுவிச் சேவை செய்யும் தொண்டர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஒருவருக்குத் துடைத்த துணியால் அடுத்தவருக்குத் துடைக்கலாகாது. இயன்றவரை துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துக.