மணல்மேட்டு வண்டியின் பின்னிருக்கைக்கு சீட் பெல்ட்

கேள்வி: டியூன் பக்கியின் பின்னிருக்கையில் சீட் பெல்ட் பொருத்த இயலுமா?

பதில்: இயலும், ஆனால் பெல்ட்டின் முனை எதைப் பற்றி நிற்கிறது என்பதே முதல் வினா. 1964-இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய மேயர்ஸ் மாங்க்ஸ் என்ற பக்கியைப் பின்பற்றி எழுந்த பெரும்பாலான பக்கிகளின் மேற்கூடு, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து வார்த்த ஃபைபர் கிளாஸால் ஆனது என்பதால், அதில் துளையிட்டு முடுக்கிய போல்ட் மோதலின்போது சுற்றியுள்ள ஃபைபர் கிளாஸையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே நங்கூரப் புள்ளி, அதாவது பெல்ட் வண்டியோடு பிணையும் இடம், எஃகு அடிச்சட்டத்திலோ, அதனுடன் இணைந்த ரோல் கேஜ் எனப்படும் குழாய்க் கூண்டிலோ அமைய வேண்டும். மெல்லிய தகட்டுத் தரையே வாய்க்குமானால், விசை பரவுமாறு அடியில் தடித்த எஃகுத் தகடு வைக்கப்பட வேண்டும். இதற்கென வழக்கிலுள்ள போல்ட் 7/16 அங்குல விட்டமும் உயர் வலிமையும் உடையது; இரும்புக் கடையின் சாதாரண போல்ட் அதற்கு ஈடாகாது.

இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். தோள்பட்டையைப் பின்தரையில் கட்டினால், மோதலில் அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும் என்பதால், ஏறக்குறைய தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய் தேவைப்படுகிறது. பீட்டில் காரின் அடிச்சட்டத்தை ஏறத்தாழ 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, அதன்மேல் கட்டிய பக்கிகளில் பின்னிருக்கை பெரும்பாலும் பெயரளவுக்கே இருப்பதால், அங்கு பெரியவர்களை அமர்த்துவதே ஐயத்துக்குரியது.