கூட்டாகச் செய்யும் கடும் உடற்பயிற்சி - நலமும் அளவும்



விளையாட்டு விழா நெருங்கிவிட்டால் பள்ளி மைதானத்தின் முகமே மாறிவிடுகிறது. சுண்ணாம்புக் கோடுகள் போடப்படுகின்றன. லெசிமும் டம்பெல்ஸும் அறையிலிருந்து வெளியே வருகின்றன. விசில் ஒலிக்கு இருநூறு கைகள் ஒன்றாக உயர்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு விருந்து. செய்பவர் உடலுக்கு அது என்ன? இக்கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. இன்று சற்று கேட்டுப் பார்ப்போம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த காலத்து நிகழ்ச்சி ஒன்று சொல்கிறேன். அது வேறொரு பள்ளி. விழாவுக்காகக் கடைசி இரண்டு வாரம் தினந்தோறும் காலையில் ஒரு மணி நேரம் டிரில் ஒத்திகை. என் வலப்புறம் நின்றவள் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் வெறும் வயிற்றோடுதான் வருவாள். ஒருநாள் உட்கார்ந்து எழும் பயிற்சியை ஐம்பது முறை செய்யச் சொன்னார்கள். முப்பதைத் தாண்டியதும் அவள் முகம் வெளுத்தது. நான் பார்த்தேன். ஆனாலும் வரிசை கெட்டுவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. நாற்பதாவது முறை அவள் எழவில்லை.

மருத்துவர் பரிசோதித்தபோது அவளுக்குக் கடுமையான இரத்தசோகை என்று தெரிந்தது. "முன்னாலேயே சொல்லக்கூடாதா?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "எல்லோரும் செய்கிறார்களே டீச்சர், நான் மட்டும் எப்படி உட்காருவது?" என்றாள். கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அவள் தந்தை அன்றோடு விளையாட்டை நிறுத்திவிட்டார். எங்கள் வகுப்பிலேயே நன்றாக ஓடக்கூடியவள் அவள்தான். அளவில்லாத பயிற்சி அவளை ஒருமுறை வீழ்த்தியது. அளவில்லாத பயம் அவளை நிரந்தரமாக உட்கார வைத்தது. இந்த இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய வழக்கம், புதிய பெயர்

பலர் கூடிக் கடுமையாகப் பயிற்சி செய்வது நமக்குப் புதிதன்று. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, சிலம்பம் எல்லாம் நம் ஊர்க் களரிகளில் கூட்டாகப் பயிலப்பட்டவையே. கரலாக்கட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளில் அது ஒரு பந்தயமாகவே இடம்பெற்றது. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வழியாகவும் பள்ளிகளில் முறையான உடற்கல்வி பரவியது.

இன்று அதே கூட்டுப் பயிற்சி புதுப் பெயர்களோடு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய கிராஸ்ஃபிட், இசையோடு ஆடும் ஜூம்பா, இடைவெளிப் பயிற்சி என்று பல. ஊரில் உள்ள ஜிம்களிலும் இவை நுழைந்துவிட்டன. காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் கூட்டமாக ஓடிப் பழகும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1973-இல். இன்று அது நம் மாணவிகள் பலரின் கனவு. ஆகவே இது நம் வீட்டுப் பொருள்தான்.

நன்மைகள் யாவை?

முதலில் இதயம். ஜப்பானில் இசுமி தபாட்டா என்ற அறிஞர் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டுச் சுற்று. மொத்தம் நான்கே நிமிடம். ஆறு வாரம் இவ்வாறு செய்தவர்களின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 14 விழுக்காடு உயர்ந்தது. குறைந்த நேரத்தில் நிறைந்த பலன்! ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் ஏற்கெனவே விளையாட்டில் பழகிய இளைஞர்கள். நகராத சைக்கிளில் அமர்ந்து மிதித்தார்கள். ஆகவே கீழே விழவோ காலை மடக்கிக்கொள்ளவோ வழியில்லை. அந்த நான்கு நிமிடத்தை அப்படியே எடுத்து, பழக்கமில்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கரடுமுரடான தரையில் குதிக்கச் செய்வது பொருந்துமா?

இரண்டாவது எலும்பு. ஒரு பெண்ணின் எலும்பு வலிமையில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதித்தல், ஓடுதல், சுமை தூக்குதல் போன்றவைதாம் எலும்பை உறுதியாக்குகின்றன. இந்த வயதில் வங்கியில் போடாததை ஐம்பது வயதில் எடுக்க முடியாது.

மூன்றாவது மனம். சேர்ந்து செய்யும்போது சோம்பல் ஓடிப்போகிறது, தோழமை வளர்கிறது, தேர்வுப் பயம்கூடச் சற்று தணிகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடலை உழைக்கச் செய்ய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது கடும் பயிற்சியும் தசை, எலும்பு வலுப்பெறும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. அந்நிறுவனம் முந்தைய ஆண்டு வெளியிட்ட கணக்குப்படி, உலகில் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் ஐந்தில் நால்வர் அந்த அளவை எட்டவில்லை. ஆகவே பயிற்சியே வேண்டாம் என்பது பாதுகாப்பு ஆகாது.

கூட்டத்தின் இருமுனைக் கத்தி

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். அந்த உண்மையான ஆக்ஸ்போர்டில் படகு வலிக்கும் மாணவர்களை வைத்து 2009-இல் ஒரு சோதனை வெளிவந்தது. தனியாகத் துடுப்பு வலித்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒரே தாளத்தில் வலித்த பிறகு அவர்கள் வலியைத் தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. உழைப்பின் அளவு ஒன்றுதான். ஆனாலும் கூட்டம் வலியை மறக்கச் செய்தது.

இதில் நன்மையும் தீமையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தனியாக இருந்தால் பத்தில் நிறுத்தியிருப்பவள் கூட்டத்தில் இருபது செய்கிறாள், அது வளர்ச்சி. தனியாக இருந்தால் முழங்கால் சுருக்கென்றதும் நின்றிருப்பவள், கூட்டத்தில் அதை உணராமலும், உணர்ந்தால் சொல்லாமலும் தொடர்கிறாள், அது ஆபத்து. வலி என்பது உடல் எழுதும் கடிதம். கூட்டம் அக்கடிதத்தைச் சில வேளை பிரிக்காமலே வைத்துவிடுகிறது.

காயங்கள் எங்கே வருகின்றன?

முழங்கால்: முழங்காலின் நடுவே சிலுவைபோல் குறுக்கிட்டு நிற்கும் இரண்டு தசைநார்கள் உண்டு. குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் உட்புறம் மடங்கினால் முன்னே உள்ள தசைநார் அறுந்துவிடலாம். கால்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கும் மேல் நேர்கிறது. இதற்கு மருந்தும் உண்டு. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 1,900 சிறுமிகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் முறையான தயார்ப் பயிற்சி செய்த அணிகளில், மொத்தக் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் கடுங்காயம் ஏறக்குறையப் பாதியும் குறைந்திருந்தன. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், முழங்காலைப் பாதத்துக்கு நேராக வைத்துக் குதித்து இறங்குதல் ஆகியவை அதில் அடங்கும். காசு செலவில்லை, கவனம்தான் செலவு.

முதுகும் தோளும்: சுமை தூக்கும் பயிற்சியில் எண்ணிக்கைக்காக விரைந்து, முதுகை வளைத்துத் தூக்குவதால் வருபவை. கிராஸ்ஃபிட் செய்பவர்களிடம் 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் காயமடைந்திருந்தார். பயிற்சியாளர் அருகில் நின்று திருத்திய இடங்களில் காயம் குறைவு என்பதும் அதே ஆய்வின் முடிவு.

தசைச் சிதைவு: இது அரிது, ஆனால் கொடியது. பழக்கமில்லாத தசையை அளவு மீறி வேலை வாங்கினால் தசைநார் இழைகள் உடைந்து, அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போகும். 2011 சனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 13 பேர் இவ்வாறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காரணம், விடுமுறை முடிந்து வந்தவுடன் சுமையோடு நூறு முறை உட்கார்ந்து எழுந்தது! கட்டுமஸ்தான வீரர்களுக்கே இந்தக் கதி என்றால், கோடை விடுமுறை முடிந்து வரும் நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஐம்பது என்பது எவ்வளவு பிழை! தண்டனையாகத் தோப்புக்கரணம் போடச் செய்வதும் இதே காரணத்தால் தவறு. உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது. பயிற்சி பரிசாக இருக்கலாம், தண்டனையாக இருக்கலாகாது.

வெயில்: நம் ஊரின் தனிச் சிக்கல் இது. தென்மேற்குப் பருவக்காற்று பொதிகைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் பெரும்பாலும் வறண்ட காற்றாகவே வருகிறது. பள்ளி திறந்து பல வாரம் ஆன பிறகும் வெயில் தணிவதில்லை. காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரிவதில்லை. வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

இரத்தசோகை: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் அறுவர்! ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால், மற்றவள் நடக்கும் படிக்கட்டே இவளுக்கு மலை. இவள் சோம்பேறி அல்லள். இவளுக்கு முதலில் தேவை இரும்புச்சத்து.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. பதினைந்து நிமிடமாவது தயார்ப் பயிற்சி செய்யாமல் கடும் பயிற்சி தொடங்கக்கூடாது.

2. முதலில் முறை, பிறகு எண்ணிக்கை, கடைசியில்தான் வேகம். பிழையாகச் செய்த ஐம்பதைவிடச் செம்மையாகச் செய்த பத்து மேல்.

3. விடுமுறைக்குப் பின்னும் காய்ச்சலுக்குப் பின்னும் பாதி அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். கடும் பயிற்சி அடுத்தடுத்த நாள்களில் வேண்டாம்.

4. காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலை வெயில் தாழ்ந்தபின் பயிற்சி. கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். நீண்ட பயிற்சியில் உப்பிட்ட நீர்மோர் நல்லது.

5. வெறும் வயிற்றோடு வரக்கூடாது. ஓர் இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும், பஸ்ஸிலேயே சாப்பிடலாம்.

6. ஒருத்தி தள்ளாடினாலோ, உளறினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவள் வாயில் எதையும் ஊற்றலாகாது.

7. முடியாதவள் கையை உயர்த்தலாம். உயர்த்திய கையைக் கண்டு யாரும் நகைக்கலாகாது. இது மற்ற ஆறைவிட முக்கியமானது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

உங்கள் பாட்டிமார் ஆற்றிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தார்கள். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டார்கள். பெண் உடல் உழைப்புக்கு அஞ்சிய உடல் அன்று. மாதவிலக்கு நாள்களில்கூட உடல் இடம் கொடுத்தால் பயிற்சி செய்யலாம். வலி மிகுந்தால் ஓய்வெடுக்கலாம். ஆனால் கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுபோனால் அவள் போதிய உணவு உண்ணவில்லை என்று பொருள்படலாம், எலும்பும் பலவீனப்படும். மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மகளை விளையாட விடுங்கள். அவள் தட்டில் முருங்கைக்கீரை, கடலை, பயறு, முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடிவுரை

சுவர் இருந்தால்தானே சித்திரம்? அந்தச் சுவரை வெயிலில் இடிப்பதும் தவறு. கட்டாமலே விடுவதும் தவறு. தாமிரபரணியில் நீந்தப் பழகுபவர் முதல் நாளே சுழலுக்குள் குதிப்பதில்லை. படித்துறையில் கால் நனைத்து, முழங்கால் அளவு, இடுப்பளவு என்று இறங்குகிறார். அதற்காக ஆற்றங்கரைக்கே போகாதவர் நீந்தக் கற்றதும் இல்லை.

மாணவிகளே, அடுத்த முறை விசில் ஒலிக்கும்போது நேராக நில்லுங்கள், உற்சாகமாகச் செய்யுங்கள். ஆனால் கண்ணை ஒருமுறை பக்கத்தில் நிற்பவள் பக்கம் திருப்புங்கள். அவள் முகம் வெளுத்திருந்தால், அவளால் கையை உயர்த்த முடியாவிட்டால், அவளுக்காக நீங்கள் கையை உயர்த்துங்கள். வரிசை சற்றுக் கெடும், கெடட்டும். அன்று நான் உயர்த்தாத கை அது.