ப்ராசசர் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்பெரிமென்ட்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வரும்: கையில இருக்கிற பழைய ப்ராசசரைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாமா? கல்ச்சுரல்ஸ் மேடையில நம்ம டிஸ்டார்ஷன் கொசு கத்துற மாதிரி கேட்டுச்சுன்னா, அன்னைக்கு ராத்திரியே ஃபோன்ல விலை பாக்க ஆரம்பிச்சிடுவோம். சின்னக் காசு இல்ல. பேண்ட் பொதுப்பணத்துல வாங்கினா நாலு பேரோட காசு, அடுத்து வர்ற ஜூனியர்ஸுக்குப் போக வேண்டிய பொருள். அதனால டெமோ வீடியோவுல நல்லா இருந்துச்சுங்கிறது மட்டும் காரணமா இருக்கக் கூடாது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்சதை வச்சே இதுக்குப் பதில் கண்டுபிடிக்கலாம்.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

1998-ல லைன் 6 கம்பெனி சிவப்பு நிறத்துல, கிட்னி வடிவத்துல 'பாட்' என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டுச்சு. அதுக்கப்புறம் 2006-ல ஃப்ராக்டலோட ஆக்ஸ் எஃப்எக்ஸ், 2015-ல லைன் 6 ஹீலிக்ஸ், பிறகு நியூரல் நெட்வொர்க் வச்ச பெட்டிகள்னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. எல்லாத்துக்கும் உள்ளே பிளாக் டயகிராம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிட்டார் சிக்னல் டிஜிட்டலா மாறுது, ஆம்ப் மாடல் வழியா போகுது, ஸ்பீக்கர் கேபினெட் மாடல் வழியா போகுது, திரும்ப அனலாகா வெளியே வருது.

இதுல ஆம்ப் மாடல் நான்-லீனியர். உள்ளே போகாத ஃப்ரீக்வென்சிகளையும் அது உருவாக்கும். டிஸ்டார்ஷன்னு நாம சொல்றது அதைத்தான். கேபினெட் மாடல் லீனியர். அது ஒரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது ஐஆர். இருக்கிற ஃப்ரீக்வென்சிகளைக் கூட்டும், குறைக்கும்; புதுசா எதையும் சேர்க்காது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

புதுப் பெட்டி எதுல உண்மையிலேயே முந்தும்?

நான்-லீனியர் பக்கம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். சாம்பிளிங் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ்னா நைக்விஸ்ட் எல்லை 24 கிலோஹெர்ட்ஸ். நீங்க 1,100 ஹெர்ட்ஸ்ல ஒரு நோட் வாசிச்சு நல்லா டிஸ்டார்ட் பண்றீங்க. அதோட 39-வது ஹார்மோனிக் 42,900 ஹெர்ட்ஸ். எல்லையைத் தாண்டினதால அது மடங்கி 48,000 - 42,900 = 5,100 ஹெர்ட்ஸா உள்ளே வந்துடும். 5,100 என்பது 1,100-ஓட மடங்கு இல்ல. அதனால சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கீச்சுச் சத்தம் கலக்குது. இதுதான் அலியாசிங். பெண்டிங் பண்ணிப் பாருங்க: நோட் மேலே போகும்போது இந்தச் சத்தம் கீழே இறங்கும்.

இதைக் குறைக்க ஓவர்சாம்பிளிங் பண்ணணும். அதுக்கு ப்ராசசிங் பவர் வேணும், அதனாலதான் புதுசுல இது நல்லா இருக்கும். அதே மாதிரி மெதுவா மீட்டினா டோன் சுத்தமாகி, அழுத்தி மீட்டினா கிழியுற அந்தத் தொடு உணர்வும் புது மாடல்கள்ல மேம்பட்டிருக்கு.

மேடையில ஏன் கெட்டுப்போகுது?

பெரும்பாலும் மத்த இடங்கள்ல. இதையெல்லாம் காசு அதிகம் செலவில்லாம சரிபண்ணலாம்.

முதல்ல கேபினெட் செட்டிங். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சட்டுனு விழுந்துடும். மேடை பிஏ ஸ்பீக்கர் அப்படி விழாது. கேபினெட் மாடலை ஆஃப்ல வச்சு நேரா மிக்ஸருக்குப் போனா கொசுச் சத்தம் வரும். ஆன்ல வச்சு கிட்டார் ஆம்புக்குள்ள விட்டா ரெண்டு தடவை ஃபில்டர் ஆகி, போர்வைக்குள்ள பாடுற மாதிரி கேக்கும்.

அடுத்தது வால்யூம். சத்தம் குறைவா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸ் சரியா கேக்காதுன்னு ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லயே காட்டிட்டாங்க. ஹாஸ்டல் ரூம்ல மெதுவா ஹெட்ஃபோன்ல கேட்டு பேஸைக் கூட்டிச் செஞ்ச பேட்ச், மேடையில கொழகொழன்னுதான் இருக்கும். பேட்சை மேடை வால்யூம்ல செய்யணும்.

மூணாவது நம்ம ஊர் நிலைமை. கடலூர் மாதிரி கடலோர ஊர்ல உப்புக்காத்துல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். செத்துப்போன கம்பியோட டோனை எந்தப் பெட்டியாலயும் உயிர்ப்பிக்க முடியாது. திருவிழா மேடையில ஜெனரேட்டர், சீரியல் லைட், பக்கத்துலயே பவர் கேபிள். பிக்கப்ல ஏறுற 50 ஹெர்ட்ஸ் ஹம் ப்ராசசருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே சிக்னல்ல கலந்திருக்கும். புதுப் பெட்டி வாங்கினா அதே ஹம்மைத்தான் இன்னும் தெளிவா கேப்பீங்க.

தேவை முதல்ல, பொருள் அப்புறம்

மாண்டலின் ஸ்ரீநிவாஸை எடுத்துக்கங்க. சாதாரண மாண்டலின்ல நாலு ஜோடிக் கம்பி. அவர் எலெக்ட்ரிக் மாண்டலின்ல அஞ்சு ஒத்தைக் கம்பி வச்சு வாசிச்சார். கர்நாடக சங்கீதத்துக்குக் கமகம் வேணும், நோட் நீண்டு நிக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி கருவி மாறுச்சு. ஐஐடி மெட்ராஸ்ல நேவல் ஆர்க்கிடெக்சர் படிச்ச கிட்டார் பிரசன்னா, சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார்லயே கர்நாடக இசை வாசிக்கிறார். அங்கே வேலை செய்யறது விரல்.

நீங்களும் கமகம் வாசிக்கிற ஆளா இருந்தா முதல்ல நாய்ஸ் கேட்டைப் பாருங்க. நோட்டோட வால் தேயுறப்ப கேட் மூடிக்கிட்டா கமகம் பாதியில அறுந்துடும். த்ரெஷோல்டைக் குறைச்சாலே சரியாகிற விஷயம் அது.

எக்ஸ்பெரிமென்ட்

1. புதுக் கம்பி மாட்டுங்க. எஃபெக்ட் எதுவும் இல்லாம ஒரு நிமிஷம் கிட்டாரை ரெக்கார்ட் பண்ணுங்க.

2. அந்த ஒரே ரெக்கார்டிங்கை உங்க பழைய ப்ராசசர் வழியாவும், நண்பர்கிட்ட இருக்கிற புதுசு வழியாவும் அனுப்புங்க. புதுசு கிடைக்கலையா? ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கின 'நியூரல் ஆம்ப் மாடலர்' ஓப்பன் சோர்ஸ், இலவசம், லேப்டாப்லயே ஓடும். ரெண்டுலயும் ஒரே கேபினெட் ஐஆர் போடுங்க. பழைய பெட்டியில ஐஆர் லோட் பண்ண முடியலன்னா, அதோட கேபினெட்டை ஆஃப் பண்ணிட்டு லேப்டாப்ல போடுங்க.

3. ரெண்டு ஃபைலோட சத்தத்தையும் 0.1 டெசிபலுக்குள்ள சமமாக்குங்க. இதைத் தவிர்க்காதீங்க. கொஞ்சம் சத்தமா இருக்கிறதைத்தான் காது நல்லதுன்னு நம்பும்.

4. நண்பர் ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டி ஏதாவது ஒண்ணைப் போடட்டும். எதுன்னு நீங்க சொல்லுங்க. மொத்தம் 10 தடவை.

குருட்டாம்போக்குல சொல்லி 9 அல்லது அதுக்கு மேல சரியா வர வாய்ப்பு 11/1024, அதாவது சுமார் 1 சதவீதம். 8 அல்லது அதுக்கு மேலன்னா 56/1024, சுமார் 5.5 சதவீதம். அதனால 9 வந்தா வித்தியாசம் உங்களுக்குக் கேக்குதுன்னு நம்பலாம். 6, 7 வந்தா உங்க பணம் நான்-லீனியர் பக்கம் போக வேண்டியதில்ல.

சிதம்பரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி. 1929-ல ஆரம்பிச்ச அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பொறியியலும் இசையும் ஒரே வளாகத்துல படிக்கிறாங்க. வீணையோ வயலினோ படிக்கிற ஒருத்தரைக் கேக்க உட்கார வைங்க. மாடல் நம்பர் தெரியாத, சுருதி தெரிஞ்ச காது இந்த டெஸ்டுக்கு ரொம்பப் பொருத்தம்.

கேட்டுப் பாத்தா மட்டும் போதாது, வாசிச்சும் பாக்கணும். லேப்டாப்ல வாசிக்கும்போது பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 2.7 மில்லிசெகண்ட். ஒலி அந்த நேரத்துல ஒரு மீட்டரைக்கூடத் தாண்டாது. உள்ளே, வெளியேன்னு ரெண்டு தடவை எண்ணினாலும், ஆம்புலேருந்து ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரிதான்.

எப்ப வாங்கலாம்?

டெஸ்ட்ல 9 வந்து, வித்தியாசம் கேக்குறதோட புதுசுதான் பிடிச்சும் இருந்தா வாங்கலாம். டெஸ்டே இல்லாம வாங்கவும் நியாயமான காரணங்கள் உண்டு. பேட்ச் மாத்தும்போது நடுவுல சத்தம் அறுந்து பாட்டு கெடுது; ஆம்ப், டிலே, ரிவெர்ப் மூணும் சேர்த்தா பவர் பத்தல; ஸ்விட்ச் தேஞ்சுபோய் ரிப்பேருக்கு பார்ட்ஸ் கிடைக்கல. இதெல்லாம் செட்டிங்ல சரியாகாது.

இது எதுவும் இல்லன்னா, அந்தப் பணத்துல கொஞ்சத்தை எடுத்துக் கம்பி, கிட்டார் செட்டப், நல்ல ஐஆர், ஒரு மேடை மானிட்டர்னு இந்த வரிசையில செலவு பண்ணுங்க. மீதியை பேண்ட் கணக்குலயே விட்டுட்டுப் போங்க. ஜூனியர்ஸ் பாத்துப்பாங்க. டெஸ்ட் பண்ணினவங்க பத்துக்கு எத்தனைன்னு நம்ம இதழுக்கு எழுதுங்க. 5 வந்தாலும் கூச்சப்படாம எழுதுங்க, அதுவும் ஒரு ரீடிங்தான்.