பழைய மின்கலமும் ஊராட்சியின் கடமையும்

மின்சாரம் எட்டாத குக்கிராமம் இன்று தமிழகத்தில் அரிது. 2006-ஆம் ஆண்டு முதல் அரசு விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், 2011-ஆம் ஆண்டு முதல் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியனவும் பல வீடுகளில் உழைத்துத் தேய்ந்துவிட்டன. கைபேசி, மருந்து தெளிப்பான், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பழைய மின்கலங்களும் அவற்றோடு சேர்ந்து வருகின்றன. இவை போய்ச் சேரும் இடம் எது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

நகரம் தரும் பாடம்

சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சென்னைப் பிரிவும் தரமணியிலேயே உள்ளது. கணினித் தொழிலும் மின்கல ஆராய்ச்சியும் வளர்ந்த அவ்வூருக்குத் தெற்கே, சிறிது தொலைவில், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பல்லாண்டுகளாகத் தரம் பிரிக்காத குப்பை அங்கே கொட்டப்பட்டது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்குப் பற்றிய தீ, பல நாள் புகைந்து சுற்றுப்புற மக்களை வருத்தியது. கலந்துவிட்ட குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பெருஞ்செலவை மாநகராட்சி ஏற்க நேர்ந்தது. ஊராட்சிக்கோ அத்தகைய நிதி இல்லை. எனவே, கலக்குமுன் பிரிப்பதே நமக்குரிய வழியாகும்.

நஞ்சும் செல்வமும்

இன்வெர்ட்டர் மின்கலத்தில் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் உள்ளன. பழைய தொலைக்காட்சியின் படக்குழாய்க் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. கைபேசியின் லித்தியம் கலம் நசுங்கினால் தீப்பற்றும். ஆயினும், ஈயத்தையும் செம்பையும் முறையான ஆலையில் மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம்.

முன்னாளில் பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. இன்று காயலான் கடையில் காசு கிடைக்கிறது. அத்தொழில் ஊருக்கு உதவுவதே. ஆனால், செம்புக்காகக் கம்பியுறையை எரிப்பதும், ஈயத்துக்காக மின்கலத்தை உடைத்து அமிலத்தை வாய்க்காலில் ஊற்றுவதும் பெருந்தீங்கு. அக்காசு ஒரு நாளில் செலவாகும். மண்ணில் இறங்கிய ஈயமோ தலைமுறைக்கும் நிற்கும்.

2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளும், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. மின்கலத்தை மற்றக் குப்பையோடு கலவாமல் ஒப்படைப்பது வீட்டாரின் கடமை.

செய்ய வேண்டியவை

1. சிறு மின்கலங்களை ஈரமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாமல் சேர்த்து வைக்க வேண்டும். லித்தியம் கலத்தின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுதல் நலம். பொத்தான் கலத்தைக் குழந்தை விழுங்கினால் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

2. இன்வெர்ட்டர் மின்கலத்தைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் தள்ளுபடி பெறுக.

3. ஊராட்சியில் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையொன்றைப் பூட்டுடன் ஒதுக்கி, வந்த பொருள்களைப் பதிவேட்டில் எழுதுக. தூய்மைக் காவலருக்குக் கையுறை தருக.

4. ஓர் ஊராட்சியில் சேருவது ஒரு வண்டிக்கும் போதாது. அதற்காக மறுசுழற்சியாளர் தொலைவிலிருந்து வாரார். ஒன்றியத்து ஊராட்சிகள் யாவும் ஒரே நாளில் திரட்டினால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரை வரவழைத்தல் எளிது.

அக்டோபர் 2 கிராம சபையில் அந்நாளைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். அதுவரை ஒன்றையே நினைவில் கொள்வோம்: உடைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம், புதைக்க வேண்டாம்.