பின்னல் வகுப்பில் பகிர்ந்துகொள்ள வேண்டியவை

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்ப்பக்கங்களிலிருந்து தொழில் நிமித்தம் சென்னைக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுள் சில, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நிலைபெற்றுள்ளன. ஆடவர் பணிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், பெண்மணிகள் நால்வர் ஐவர் ஓர் இல்லத்தில் கூடிக் குரோஷாவும் கம்பளிப் பின்னலும் பழகுவது இங்கெல்லாம் காணக்கூடிய வழக்கமே. இத்தகைய கூடுகை வெறும் பொழுதுபோக்காய் முடியாமல் ஒரு வகுப்பாக அமைய வேண்டுமாயின், ஒருவர்க்கொருவர் எவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பெரும்பாலும் நாம் பகிர்ந்துகொள்வது பூவேலையின் மாதிரியை மட்டுமே. "இந்தத் தோரணம் அழகாக உள்ளதே, எப்படிப் போட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் எண்ணிக்கையைச் சொல்ல, அத்தோடு பேச்சு நின்றுவிடும். நூல் எது, ஊசியின் பருமன் என்ன, எவ்விடத்தில் பிரித்துப் போட நேர்ந்தது, எத்தனை நாள் ஆயிற்று என்பவை சொல்லப்படுவதில்லை. உண்மையில் கற்பவருக்கு வேண்டியவை இவையே. ஆதலின் வகுப்பில் ஒவ்வொருவரும் தாம் செய்த பொருளைக் கைக்குக் கை கொடுத்து அனுப்பும்போது, இவற்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாக வேண்டும். முடிந்த பொருளோடு பாதியில் நின்றுபோனதையும் கொண்டுவரலாம். பிழையுள்ள துண்டைப் புரட்டிப் பார்த்துக் கற்பதுபோல் வேறெதிலும் கற்க இயலாது.

முதற்கண் அளவைப் பற்றிக் கூறுவோம். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை. ஆயினும் இருவர் பின்னிய சதுரங்கள் ஒன்றுபோல் அமையா. ஒருவர் கை இறுக்கமாயிருக்கும். மற்றவர் கை தளர்ந்திருக்கும். இது குற்றமன்று, கையெழுத்துப் போன்றது. எனினும் பலர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்யும்போது இவ்வேறுபாடு பெரிதாகிவிடும்.

இதற்கு நம் சென்னையிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றனர். ஏறத்தாழ 1,20,000 சதுர அடி என்க. பற்பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த பெண்கள் தத்தம் இல்லங்களில் 40 அங்குலச் சதுரங்களாகப் பின்னி அனுப்ப, அவையனைத்தும் ஒன்றாக இணைக்கப்பெற்றன. ஒருவரையொருவர் நேரில் காணாதவர் பலர். ஒவ்வொருவர் சதுரமும் அரை அங்குலம் கூடுதலாக அமைந்ததெனக் கொள்வோம். நூறு சதுரங்களை வரிசையாக வைத்தால் 50 அங்குலம், அதாவது நான்கு அடிக்கு மேல் மிகுந்துவிடும். அடுத்த வரிசையோடு பொருந்தாது. அவர்களை ஒன்று சேர்த்தது அளவுநாடா என்றே கூறலாம். பின்னர் 2017இல் இக்குழுவினர் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கழுத்துத்துண்டையும் பின்னினர்.

ஆதலின் வகுப்பில் புதிய வேலை எதையும் தொடங்குமுன், நான்கைந்து அங்குல அகலத்தில் மாதிரித் துண்டு ஒன்று பின்னிப் பார்த்தல் வேண்டும். அதன் நடுவே 10 சென்டிமீட்டர் அளந்து, எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என்று எண்ணுக. குறிப்பில் உள்ளதைவிடக் கண்ணிகள் மிகுந்தால் கை இறுக்கம். ஒரு படி பருத்த ஊசியை எடுக்க வேண்டும். குறைந்தால் மெல்லிய ஊசி. கையை வலிந்து தளர்த்தியோ இறுக்கியோ பின்ன முயல்வது வீண். பத்து வரிசைக்குள் கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும். பருத்தி நூலாயின் மாதிரித் துண்டை ஒருமுறை நனைத்து உலர்த்திய பின்னரே அளத்தல் நன்று. சுருங்குவது அப்போது தெரியவரும்.

ஊசி எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் பின்னல் ஊசிகளுள் 'போனி' பலரும் அறிந்தது. நீலகிரியில் கேத்தியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையில் உருவானது. பழைய பிரிட்டானிய முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ எண் கூடக்கூட ஊசி பருக்கும். அவர்களது 8ஆம் எண் 5 மில்லிமீட்டர். வெளிநாட்டிலுள்ள மகளோ மருமகளோ அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து 8ஆம் எண் ஊசியை எடுத்தால் ஸ்வெட்டர் சிறுத்துப்போகும். எனவே எண்ணைச் சொல்லாது மில்லிமீட்டரைச் சொல்லும் பழக்கத்தை வகுப்பில் ஏற்படுத்துக.

பெயர்களிலும் இதே குழப்பம்தான். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதைப் பிரிட்டானியர் 'டபுள் குரோஷே' என்பர். அமெரிக்கரின் 'டபுள்' பிரிட்டானியருக்கு 'ட்ரெபிள்'. குறிப்பில் எங்கேனும் 'சிங்கிள் குரோஷே' என்னும் சொல் காணப்பட்டால் அது அமெரிக்க முறை என்று துணியலாம். பிரிட்டானிய முறையில் அப்பெயரே இல்லை. இந்த ஒரு செய்தி தெரியாமையால் நெருக்கமாக வரவேண்டிய பொம்மை வலைபோல் ஓட்டை விழுந்து, உள்ளே வைத்த பஞ்சு வெளியே தெரியும்.

குரோஷா கற்கும் எல்லோரும் ஒருமுறையேனும் காண்பது, சதுரமாகத் தொடங்கிய துணி மேலே போகப்போகக் குறுகி முக்கோணமாவது. காரணம் எளிது. உயரமான பின்னலில் வரிசை திரும்பும்போது மூன்று சங்கிலிகள் போடுகிறோம். அம்மூன்றும் சேர்ந்து முதற் பின்னலாகக் கணக்கிடப்படும். திரும்பி வருகையில் அச்சங்கிலியின் உச்சியிலும் ஒரு பின்னல் போடவேண்டும். அது ஓரத்தில் ஒதுங்கி நிற்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வரிசைக்கு ஒன்றாகக் குறைகிறது. மூன்றாம் சங்கிலியில் ஓர் ஊக்கை மாட்டி வைத்தால் போதும். வரிசை முடிவில் ஊக்கு நின்றால் அங்கே ஒன்று பாக்கி என்று பொருள். ஒவ்வொரு வரிசையையும் எண்ணிப் பார்ப்பதைவிட இது இலகுவானது, பேச்சுக்கும் இடையூறில்லை!

கம்பளிப் பின்னலில் நழுவிய கண்ணி கீழே ஓடுவதைக் கண்டு, முழுவதையும் பிரிப்பவர் உண்டு. பிரிக்க வேண்டா. நழுவிய கண்ணியைக் குரோஷாக் கொக்கியில் மாட்டி, ஏணிப்படிபோல் நிற்கும் நூல்களை ஒவ்வொன்றாக அதனுள் இழுத்து மேலேற்றி ஊசியில் சேர்த்துவிடலாம். குரோஷா அறிந்தவரும் கம்பளிப் பின்னல் அறிந்தவரும் ஒரே வகுப்பில் இருப்பதன் பயன் இது.

இடக்கையால் பின்னும் சிறுமியரைத் திருத்த முயல்வது தவறு. கற்பிப்பவர் பக்கத்தில் அமராமல் எதிரே அமர்ந்தால், வலக்கை அசைவு அச்சிறுமிக்குக் கண்ணாடியிற் காண்பதுபோல் இடக்கை அசைவாகவே தோன்றும். அவள் அப்படியே பின்பற்றுவாள்.

இனி நூல். சென்னை வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்னும் கேள்வி நியாயமானதே. பெங்களூரிலும் தில்லியிலும் உள்ள உறவினர்க்கும், பிறந்த குழந்தையின் குல்லாய்க்கும் அன்றி இங்கு அதற்குத் தேவை குறைவு. நம் பகுதிக்கு ஏற்றது பருத்தி நூலே. தோரணம், மேசை விரிப்பு, பை, ரவிக்கை ஓரம் யாவற்றுக்கும் அது பொருந்தும். துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுக. உருண்டையின் சுற்றுத்தாளில் சாய எண் அச்சிடப்பட்டிருக்கும். அது மாறினால், கடையில் ஒன்றாய்த் தோன்றிய நிறம் வீட்டு வெளிச்சத்தில் இரண்டாய்த் தெரியும்.

கம்பளி நூல் பொட்டலங்களில் 'வர்த்தமான்', 'ஓஸ்வால்' என்னும் பெயர்களைக் கண்டு வியப்போர் உண்டு. லூதியானாவின் பின்னல் நூல் தொழிலில் ஓஸ்வால் சமணக் குடும்பங்களுக்குள்ள பங்கை அப்பெயர்கள் காட்டுகின்றன. பெயரைப் பார்த்து நூலின் தன்மையை முடிவு செய்துவிடலாகாது. இன்று 'உல்லன்' என்று விற்பவற்றுள் பல அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை. 'பட்டு நூல்' என்று குரோஷாவுக்கு விற்பவையும் பெரும்பாலும் செயற்கைப் பட்டே. உண்மைப் பட்டுக்குக் கூட்டுப்புழு உயிரோடு வேகவைக்கப்படுவதால் அதனைத் தவிர்க்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. சுற்றுத்தாள் இல்லாத நூலாயின் ஒரு சோதனை செய்யலாம். விரல்நீளத் துண்டை இடுக்கியிற் பிடித்து, நீர் ஊற்றிய தட்டின்மேல் கொளுத்துக. காகிதம் எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். தலைமயிர் கருகும் நாற்றம் எழுந்து, நசுக்கினால் பொடியாகும் கரி நின்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாய்த் திரண்டால் செயற்கை இழை. சிறுவரை அண்ட விடாமல் செய்தல் வேண்டும்.

குழந்தைகளுக்குப் பின்னுவோர் அழகை ஒரு படி தள்ளி வைக்க வேண்டும். காலுறையில் ஓட்டைப் பின்னல் கூடாது. சிறு விரல்கள் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் நாடாவும், வாயால் பிய்க்கத்தக்க பொத்தானும் மணியும் வேண்டா. உட்புறத்தில் நூல்முனைகளை ஆறு அங்குலம் விட்டு நறுக்கி, மூன்று திசையில் மாற்றி மாற்றிச் செருகினால் எத்தனை துவைப்புக்கும் அவிழாது. முடிச்சு போட்டு ஒட்ட நறுக்குவது அவசரக்காரர் வேலை.

இவ்வளவும் கைத்திறன் பற்றியவை. இவற்றினும் முதன்மையானது ஒன்று வகுப்புகளில் பேசப்படுவதேயில்லை. அது விலை.

தமிழகத்தின் தென்கோடியில், 1819இல் கணவருடன் நாகர்கோயிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலேய அம்மையார், தம் பள்ளிச் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி நூற்சுருள்களை மாற்றி மாற்றி முறுக்கும் முறை. அந்நாளில் அப்பகுதியில் அடிமை முறை இருந்தது. லேஸ் விற்ற பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்ற பெண்கள் இருந்தனர். மால்ட் தம்பதியரின் மகளும் கால்டுவெல்லின் துணைவியாருமாகிய எலைசா அம்மையார் இக்கலையை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார்.

ஆந்திரத்தில் கோதாவரிக் கரை நர்சாபூர் வட்டாரத்துக் குரோஷா லேஸின் கதை வேறு. உலகச் சந்தைக்குச் சென்ற அதன் புகழ் பெரிது. 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு ஆய்வு செய்து 1982இல் வெளியிட்ட நூல், நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்கள் மிகச் சொற்பக் கூலியே பெற்றதைக் காட்டுகிறது. காரணம் இரண்டு. அவர்கள் தொழிலாளர் என்றே கருதப்படவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசியர் எனப்பட்டனர். மேலும் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒருத்திக்குப் பூ மட்டும் தெரியும்; இணைப்பது வேறொருத்தி. முழுப்பொருள் எங்கே, என்ன விலைக்குப் போகிறது என்பது வணிகர் அறிவார், பின்னியவர் அறியார்.

அம்பத்தூரின் ஆயத்த ஆடை ஆலைகளைச் சுற்றி வாழும் நமக்கு இது புதிதன்று. காலர் மட்டும், பொத்தான் மட்டும் என்று வீட்டுக்கு வரும் வேலையை அறிவோம். நாளை ஒருவர் வந்து, "அம்மா, பூ மட்டும் போட்டுக் கொடுங்கள், ஒன்றுக்கு இவ்வளவு" என்று கேட்கக்கூடும். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நிலைமையைப் பொறுத்தது. ஆனால் வகுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் தொடக்கச் சங்கிலி முதல் இணைப்பு, ஓரம், கஞ்சியிட்டு ஊசி குத்தி விறைப்பாக்குதல் வரை முழுமையும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டாக ஒரு விரிப்புச் செய்கையில், நன்றாக இணைப்பவரிடமே இணைப்பை எப்போதும் ஒப்படைத்துவிடுதல் எளிதாயினும், முறை மாற்றிக் கொடுத்தலே நல்லது. வேலை சற்றுத் தாமதப்படும், படட்டும்.

கணக்குக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வேண்டும். தொடங்குமுன் நூலுருண்டையை நிறுத்து எழுதுக. முடித்தபின் எஞ்சியதை நிறுத்துக. உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்து வருக. சான்றாக, ஒரு குழந்தைக் குல்லாய்க்கு நூல் 60 ரூபாய், நாடா 10 ரூபாய், வேலை ஐந்து மணி நேரம் எனக் கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் கூலி 300. ஆக 370 ரூபாய். இதைக் கேட்டு, "கடையில் 150க்குக் கிடைக்கிறதே" என்பார் உறவினர். கடைக் குல்லாய் இயந்திரத்தில் பின்னியது என்று சொல்லிவிட்டு, விருப்பமிருந்தால் அன்பளிப்பாகவே கொடுத்துவிடலாம்; 150க்கு விற்பதைவிட அது மேல். அன்பளிப்பாயினும் ஐந்து மணி நேரம் என்று நோட்டில் எழுதியிருக்க வேண்டும். நூலை நிறுக்கத் தனித் தராசு தேவையில்லை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வகுப்புக்கே போதும்.